நெல்லிக்கனியின் நிக்கல் பங்காளிகள்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினால், ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அதியமான்கோட்டை வந்துவிடும். தேய்பிறை அஷ்டமி என்றால் காலபைரவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் நகரவே நகராது. மற்ற நாட்களில் இது ஒரு சாதாரண நெடுஞ்சாலை ஊர். 'கோட்டை எங்கேப்பா?' என்று இறங்கிக் கேட்டால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் சங்கடப்படுவார்கள். பெயரில் இருக்கிற கம்பீரம் தரையில் அவ்வளவாக மிச்சமில்லை.

ஆனால், இந்த மண்ணோடு ஒட்டிக்கொண்ட ஒரு நெல்லிக்கனியை இரண்டாயிரம் வருடமாக நாம் மறக்கவில்லை. மலைப்பிளவில், எட்டாத இடத்தில் பழுத்த கனி. சாப்பிட்டால் நீண்ட ஆயுள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அதைத் தான் தின்னாமல், விவரமும் சொல்லாமல், ஔவையார் கையில் கொடுத்துவிட்டான். மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகப் படம் இப்போது உங்கள் கண்முன் வந்திருக்கும்.

இங்கே ஒரு குறும்புக் கேள்வி. அந்தக் கனிக்குள் இருந்தது என்ன? மலைப்பிளவு என்றால் பாறை. பாறை என்றால் உலோகம். ஒரு மரம் நிற்கிற மண்ணில் இருப்பது கனிக்கு வராதா?

வரும். எவ்வளவு வரும் என்பதுதான் கதை.

முதலில், பயப்படாமல் நெல்லிக்காய் சாப்பிடுங்கள். நம் நெல்லிக்கு உலோகம் சேர்க்கிற வழக்கம் இருப்பதாகப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் அதன் பங்காளிகள் இருக்கிறார்களே... அவர்கள் ரொம்ப விவகாரமான ஆசாமிகள். நெல்லியையும், மஞ்சள்காமாலைக்கு அரைத்துக் குடிக்கிற கீழாநெல்லியையும் தாவரவியல்காரர்கள் 'ஃபிலாந்தஸ்' என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஃபிலாந்தஸ் கூட்டத்தில் கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போர்னியோத் தீவிலும் வளர்கிற சில செடிகள் மண்ணிலிருந்து நிக்கலை உறிஞ்சித் தங்கள் உடம்புக்குள் பதுக்கிவைக்கின்றன. போர்னியோவில் ஒன்றின் பட்டையைக் கீறினால் மரகதப் பச்சையில் ஒரு சாறு வழியும். நிக்கல் உப்பின் நிறம் அது!

சாதாரணச் செடியின் காய்ந்த இலை ஒரு கிலோவில் நிக்கல் பத்து மில்லிகிராம்கூட இருக்காது. அதற்கு மேல் போனால் பெரும்பாலான செடிகளுக்கு விஷம். இலை வெளுத்து, வேர் கருகிச் சாகும். இந்தப் பங்காளிகளோ கிலோவுக்கு ஆயிரம், பத்தாயிரம் என்று தாண்டிப் போகிறார்கள். செழிப்பாகவும் இருக்கிறார்கள். இப்படிக் கன உலோகங்களைக் குவிக்கிற தாவரங்கள் உலகம் முழுக்க 700-க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அதில் 500-க்கு மேல் நிக்கல் கேஸ்தான்.

இது எப்படித் தெரியவந்தது? இத்தாலிக்குப் போவோம்.

1583. ஆண்ட்ரியா செசால்பினோ என்ற மருத்துவர். செடிகளை ஒழுங்காக வகைப்படுத்தப் பார்த்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். பின்னாளில் போப்பாண்டவருக்கே வைத்தியம் பார்த்தவர். அந்த வருடம் வந்த தன் தாவரநூலில் அவர் போகிறபோக்கில் ஒன்றைக் குறித்துவைத்தார். டைபர் நதியின் மேல்பகுதியில் கறுப்புக் கற்கள் கிடக்கிற வறண்ட இடங்களில் மட்டும் 'அலிசன்' என்று ஒரு மஞ்சள் பூச்செடி முளைக்கிறது என்று. ஏன் அங்கே மட்டும்? அவருக்குத் தெரியவில்லை.

பதில் வர 365 வருடமானது. 1948-ல் ஃபிளாரன்ஸில் கார்லோ மிங்குஸி, ஓர்னெல்லா வெர்க்னானோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதே செடியின் இலையை வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். காய்ந்த இலையில் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் நிக்கல். அது நின்ற மண்ணில் இருந்ததைவிட அதிகம்! ஏதோ ஒரு விசித்திரம் என்று உலகம் அதையும் ஓரமாக வைத்தது.

படிப்பாளிகள் இப்படி ஆற அமர வந்து சேர்ந்த இடத்துக்குச் சுரங்கக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். செடியைப் பார்த்து மண்ணைச் சொல்வது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். ஜெர்மனி - பெல்ஜியம் எல்லையில் ஒரு மஞ்சள் வயலட் பூ. அது பூத்தால் கீழே துத்தநாகம். ஆப்பிரிக்காவில் காங்கோவின் கட்டாங்கா பகுதியில் ஒரு சின்னச் செடியைத் 'தாமிரப் பூ' என்றே அழைக்கிறார்கள். அங்கே ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தாமிரம் உருக்கி, சிலுவை வடிவக் கட்டிகளாக வார்த்துப் பணமாகப் பயன்படுத்தினார்கள். அந்தப் பழைய உலைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால், கசடு கொட்டிய இடத்தில் மட்டும் தாமிரப் பூச்செடி அடர்ந்து நிற்கிறது. தொல்லியல் ஆட்கள் செடியைத் தேடிப்போய் உலையைத் தோண்டி எடுத்தார்கள். கல்வெட்டு இல்லாத இடத்தில் ஒரு களைச்செடி கல்வெட்டு வேலை பார்த்திருக்கிறது!

இந்தத் துறையையே தூக்கி நிறுத்திய மரம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நிக்கல் சுரங்கம்தான் பிழைப்பு. அந்தத் தீவுக் காட்டில் ஒரு மரம் - நம்ம சப்போட்டாவுக்கும் இலுப்பைக்கும் சொந்தம். சப்போட்டா மரத்தைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும், பார்த்திருப்பீர்கள். இந்த மரத்தைக் கீறினால் நீலப்பச்சையில் வடிகிறது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரே 'நீலப்பால்' என்றுதான் பொருள்படும்.

1976-ல் ழாஃப்ரே என்ற பிரெஞ்சுக்காரரும் நியூசிலாந்தின் ராபர்ட் புரூக்ஸ் குழுவும் அந்தப் பாலைக் காயவைத்து அளந்தார்கள். நான்கில் ஒரு பங்கு நிக்கல். உயிருள்ள ஒன்றின் உடம்பில் ஓடுகிற திரவம் காய்ந்தால் கால்வாசி உலோகம்! நன்கு வளர்ந்த ஒரே மரத்துக்குள் 37 கிலோ நிக்கல் இருக்கலாம் என்று பின்னால் கணக்கிட்டவர்கள் உண்டு.

புரூக்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம்.

உலகெங்கும் ஹெர்பேரியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். செடியைப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று எழுதி பீரோவில் அடுக்கிவைக்கிற இடம். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரசாங்க ஆபீஸ். உள்ளே போனால் தென்னிந்தியாவின் காடே காய்ந்து கிடக்கும்.

புரூக்ஸ் இந்த மாதிரிக் கூடங்களிலிருந்து விரல்நகம் அளவுக்கு இலைத்துணுக்குகளைக் கேட்டு வாங்கினார். ஹோமாலியம், ஹைபாந்தஸ் என்ற இரண்டு பேரினங்கள் மட்டும். யாரோ, எப்போதோ, எந்தக் கண்டத்திலோ பறித்த இலைகள். ஒவ்வொன்றிலும் நிக்கலை அளந்து, அதிகம் இருந்தவற்றின் அட்டையில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்தார். நிக்கல் பாறை இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த இடங்களோடு அவை அழகாகப் பொருந்தின. அதாவது, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே உலகத்தின் நிக்கல் வரைபடம்! 1977-ல் வெளியான அந்தக் கட்டுரையில் இந்தச் செடிகளை 'மிகைச்சேமிப்பான்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள்.

ஹைபாந்தஸ் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருகிறது.

இலங்கையின் தெற்குக் கரையில், அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொட என்று ஓர் இடம். கடலோரம் பச்சைப்பசேல் என்று இருக்கிற தீவில் திடீரென்று ஒரு சிவந்த பொட்டல். மரமில்லை. இருக்கிற செடிகளும் குள்ளம் குள்ளமாகத் தரையோடு படுத்திருக்கும். ராவணனின் விமானம் இறங்கிய இடம், அனுமன் வைத்த தீயில் எரிந்துபோய்ச் சிவந்துவிட்டது என்கிறது உள்ளூர்க் கதை. விஞ்ஞானம் சொல்கிற கதையும் ஒன்றும் சுவாரஸ்யம் குறைந்ததல்ல. அங்கே கிடப்பது பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறை. மக்னீசியம் ஏகம், நிக்கலும் குரோமியமும் கூடவே. செடிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து குறைவு. மரம் எங்கே வளரும்?

அந்தப் பொட்டலில் நிஷாந்த ராஜகருணா, புரூஸ் போம் என்ற தாவரவியலாளர்கள் செடிகளைச் சேகரித்து அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் சேர்த்துவைத்திருந்த செடிகளில் ஒன்று... ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ்.

தமிழில் சொல்கிறேன். ஓரிதழ் தாமரை!

நாட்டு மருந்துக்கடைப் பலகையில் முன்வரிசையில் தொங்குகிற அதே ஓரிதழ் தாமரை. 'ஆண்மை, வீரியம், உடல் வலிமை' என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அதுதான். ரோஜா நிறத்தில் ஒரே ஓர் இதழ் மட்டும் பெரிதாக விரிந்திருக்கும் சின்னச் செடி. நம்மூர் வரப்பிலும் கரட்டிலும் தானாக முளைப்பது.

உடனே பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். இந்தச் செடி நிக்கலைத் தானாக உற்பத்தி செய்வதில்லை. மண்ணில் இருந்தால்தான் எடுக்கும். சாதாரணச் செம்மண் வரப்பில் பறித்தது சாதாரணச் செடிதான். உஸ்ஸங்கொட மாதிரி மண்ணில் பறித்தது வேறு சமாச்சாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் என்றால், தினம் ஐந்து கிராம் பொடி சாப்பிடுகிறவர் உடம்புக்குள் 5 மில்லிகிராம் நிக்கல் போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் வகுத்த அளவுப்படி, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.78 மில்லிகிராம்தான் தாங்கும். ஆறு மடங்கு.

நம் அரசாங்கம் சும்மா இல்லை. ஏற்றுமதியாகிற மூலிகை மருந்துகளில் கன உலோகச் சோதனையை 2006 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகிய நான்கும் பட்டியலில் உண்டு. நிக்கல்? கிடையாது.

ஒரு நாட்டு மருந்துக்கடையில் கேட்டுப் பார்த்தேன். "இந்த ஓரிதழ் தாமரை எந்த ஊர்ல பறிச்சதுங்க?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காட்டுல பறிச்சதுதான் சார். தோட்டத்துல போட்டதெல்லாம் நாங்க வாங்குறதில்லை."

தோட்டத்தில் போட்டது மட்டம், காட்டில் பறித்தது உசத்தி. நம் எல்லோருடைய எண்ணமும் அதுதானே?

சரி, செடிக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிற பதில், தற்காப்பு. உலோகம் ஏறிய இலையைத் தின்ற புழு செத்துப்போவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். செடிக்குள் நிக்கல் தனியாகத் திரிவதில்லை. எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம் போன்ற சரக்குகள் அதன் கையைக் கட்டி, இலையின் மேல்தோல் செல்களில் இருக்கிற நீர்ப்பைக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிடுகின்றன. உணவு தயாரிக்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. வீட்டில் எலி பாஷாணத்தைச் சமையலறையில் வைக்காமல் பரண்மேல் வைப்போமே, அப்படி.

இப்படி ஒரு செடி இருக்கிறது என்றால் மனுஷனுக்கு என்ன தோன்றும்? 'நம்ம குப்பையை இதன் தலையில் கட்டிவிடலாமே!' 1983-ல் ரூஃபஸ் சேனி என்ற அமெரிக்க விவசாய விஞ்ஞானி இதை யோசனையாகவே முன்வைத்தார். கெட்டுப்போன மண்ணில் இந்தச் செடிகளைப் பயிர்செய்வது, அறுப்பது, எரிப்பது, சாம்பலிலிருந்து உலோகத்தை எடுப்பது. தொண்ணூறுகளில் நம் கடுகுச் செடியை வைத்து ஈயத்தை எடுக்கலாம் என்று அமெரிக்காவில் ஒரே பரபரப்பு. ஆனால் ஈயம் மண்ணைவிட்டு லேசில் வராது. அதைக் கரைக்க ரசாயனம் ஊற்றினார்கள். கரைந்த ஈயத்தில் செடி எடுத்தது கொஞ்சம். மீதி நிலத்தடி நீரைப் பார்த்து இறங்கும் ஆபத்து வந்தது. பரபரப்பு அடங்கியது.

நிக்கலில் கதை வேறு மாதிரிப் போனது. மலேசியாவின் சபா மாநிலத்தில் 2010-களில் ஒரு சோதனைப் பண்ணை போட்டார்கள். நட்டது நெல்லியின் பங்காளி ஒன்றை. அந்தச் செடிக்கு 2018-ல் சேனியின் பெயரையே வைத்து 'ஃபிலாந்தஸ் ரூஃபுஸ்சேனியை' ஆக்கிவிட்டார்கள். வேலிச்செடியைக் கத்தரிப்பதுபோலக் கிளைகளை அவ்வப்போது வெட்டி எரித்தால், ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 200 கிலோவுக்கு மேல் நிக்கல் கிடைக்கும் என்பது கணக்கு. எட்டாத கனியைக் கொடுத்த வள்ளலுக்குத் தெரிந்தால் ஆச்சரியப்பட்டிருப்பான்.

இதைப் படிக்கிற ராணிப்பேட்டை வாசகர்கள், 'அப்படியே எங்க ஊருக்கும் ஒரு செடி அனுப்புங்க' என்று கேட்கலாம். கேட்க எல்லா உரிமையும் உண்டு. தோல் பதனிடுவதற்கான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. மூடிவிட்டுப் போனவர்கள் கழிவை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. அந்த மஞ்சள், புற்றுநோய் வரவழைக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியத்தின் நிறம்.

செடி இதற்கு உதவாதா? ஓரளவு. நாம் திட்டித் தீர்க்கிற ஆகாயத்தாமரை அந்தக் கொடிய குரோமியத்தை வேரிலேயே பிடித்து, விஷம் குறைந்த வகையாக மாற்றுகிறது என்று 1998-ல் கண்டறிந்தார்கள். ஆனால், குரோமியத்தை நிக்கல்போல இலைவரை தூக்கிக்கொண்டு போகிற செடிகள் அரிதிலும் அரிது. குட்டைத் தண்ணீருக்குச் சரி, மலைபோல் குவிந்த கழிவுக்கு நடக்காது. 'பசுமைத் தீர்வு' என்று யாராவது மேடையில் பேசினால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். செடி விஷத்தைச் சாப்பிட்டு ஜீரணிப்பதில்லை. கீழே இருந்ததை மேலே கொண்டுவருகிறது. அந்த இலையை ஆடு தின்றாலோ, அது உதிர்ந்து மக்கினாலோ கணக்கு பழையபடி பூஜ்யம்.

சாட்சி சொல்வதற்கு மட்டும் செடியைவிட நல்ல ஆள் கிடையாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் நினைவிருக்கும். அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து எண்பதுகளில் மலைக்கு வந்த ஆலை. 2001-ல் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக்கடையில் கிடப்பதை ஊர்மக்கள் கண்டு ஊர்வலம் போனபிறகு மூடப்பட்டது. அப்போது ஹிந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. காற்றில் போன பாதரசத்துக்கு யார் சாட்சி? அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தினர் அந்த மலையின் பாசியையும் கற்பாசியையும் எடுத்துச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். இவற்றுக்கு மண்ணில் உறிஞ்சுகிற வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதைத்தான் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை லேசில் விடாது. பாதரசம் அவற்றில் பதிவாகியிருந்தது. பிரியாணியில் மணத்துக்குப் போடுகிறோமே கல்பாசி, அதன் ஜாதிதான் இந்தச் சாட்சி.

இனி நாம் ஏறிய பஸ்ஸுக்கு வருவோம். அதியமான்கோட்டை தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் கடந்து சேலத்தை நெருங்கும்போது மாமாங்கம் பக்கம் வெள்ளை வெள்ளையாக மண்மேடுகள் தெரியும். வெள்ளைக்காரன் சுண்ணாம்பு என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தான். சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். வெள்ளைக்கல் என்பார்கள். அதைப் பெற்ற பாறை, உஸ்ஸங்கொடப் பாறையின் வகையறாதான். மக்னீசியம், குரோமியம், நிக்கல் என்று அதே கூட்டணி.

வயல்வெளி ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய வித்தை வைத்திருக்கிறார்கள். டைமெத்தில் கிளையாக்ஸைம் என்ற ரசாயனத்தில் ஊறவைத்துக் காயவைத்த வெள்ளை வடிதாள். கல்லூரி வேதியியல் லேபில் இருக்கிற பொருள்தான். பச்சை இலையை அதன்மேல் வைத்து நசுக்கினால், நிக்கல் ஏராளமாக இருந்தால் தாள் ரோஜா நிறமாகிவிடும். சபாவின் காட்டில் மரம் மரமாக இப்படித்தான் சோதித்துக்கொண்டு போனார்கள்.

சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது, உரிய அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைக்கல் கரட்டுக்குப் போங்கள். ஓரிதழ் தாமரை கண்ணில் பட்டால் ஓர் இலையைக் கிள்ளித் தாளில் வைத்து நசுக்கிப் பாருங்கள். சிவந்தாலும் சரி, சிவக்காவிட்டாலும் சரி, எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.